அம்மா நம்பிய நடிகை

அம்மாவுக்குச் சாவித்திரியைப் பிடிக்கும். பத்மினி ஆடினால் கண் கொட்டாமல் பார்ப்பாள். தேவிகா சேலை கட்டியிருக்கும் நேர்த்தியைப் பற்றிப் பக்கத்து வீட்டு மதினியோடு திண்ணையில் உட்கார்ந்து வெகுநேரம் பேசுவாள். ஆனால் அவள் நம்பியது சௌகார் ஜானகியை. திரையில் ஒரு குடும்பம் சிதைந்துகொண்டிருக்கும். ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் வசனம் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் சௌகார் ஜானகி உள்ளே நுழைந்தால் அம்மா நிமிர்ந்து உட்காருவாள். "இவ வந்துட்டால்லா, இனி யோசிக்கதுக்கு ஒரு ஆளாவது இருக்கும்" என்பாள்.

நாங்கள் அப்போது திருநெல்வேலியில் இருந்தோம். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு தாத்தா வீட்டுக்கு வந்தாள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து லோயர், ஹையர் இரண்டும் முடித்தாள். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதிக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்டாக வேலைக்குச் சேர்ந்தாள். தெருவில் அதற்கு ஆயிரம் பேச்சு இருந்தது. ஆச்சிக்குக்கூட முதலில் சம்மதமில்லை. தாத்தா ஒருவர்தான், "போயிட்டு வாம்மா" என்று குடையை எடுத்துக் கையில் கொடுத்தவர்.

அந்த ஆபீஸ் எனக்குக் கோயில் மாதிரிப் பெரிதாகத் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டுச் சில நாள் அங்கே போய் அம்மாவுக்காகக் காத்திருப்பேன். சிவப்பு டவாலி போட்ட டபேதார் வாசலில் நிற்பார். கலெக்டர் ஜீப் வரும் சத்தம் கேட்டால் வராந்தாவில் பீடி குடித்துக்கொண்டிருந்தவர்கள் மாயமாகிவிடுவார்கள். சிரஸ்தாரே எழுந்து நிற்பார். உள்ளே டைப்ரைட்டர்களின் சத்தம் மட்டும் நிற்காது. அந்தச் சத்தத்தில் எது அம்மாவுடையது என்று எனக்குத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கலெக்டர் அறையின் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து அம்மா பார்த்ததில்லை. இந்தியாவின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியான அன்னா ராஜம் 1951-இல் தேர்வாகிச் சென்னை மாகாணத்தில்தான் பணியில் சேர்ந்தார், ஓசூரில் சப் கலெக்டராக இருந்தார் என்பதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. கொக்கிரகுளத்தில் எங்களுக்கு அப்படி ஒரு பெயர் தெரியாது.

அப்படிப்பட்ட ஊருக்கு 'இருகோடுகள்' வந்தது. 1969-இல் வெளியான படம். கே. பாலசந்தர் இயக்கியது. எங்கள் ஊருக்கு எப்போது வந்தது என்பது நினைவில்லை. அம்மாவின் ஆபீஸில் வேலை பார்த்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்குப் போனது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. தபால் பிரிவில் இருந்த அக்கா, ரெக்கார்டு ரூமில் இருந்த அக்கா, அம்மா, இடுப்பில் தொற்றிக்கொண்டதுபோல் நான். ராயல் டாக்கீஸ். பெண்கள் வரிசை தனி. உள்ளே மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க ஓடிய ஓட்டம் இப்போதும் கால்களில் இருக்கிறது.

கதை தெரியாதவர்கள் இன்று நிறையப் பேர் இருப்பார்கள். வடக்கே வேலை பார்க்கும் கோபிநாத் (ஜெமினி கணேசன்) ஜானகியை (சௌகார் ஜானகி) காதலித்துத் திருமணம் செய்துகொள்கிறான். அவன் தாய் அந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. இருவரும் பிரிகிறார்கள். ஜானகி உடைந்துபோகிறாள், ஆனால் அவள் அப்பா (வி.எஸ். ராகவன்) அவளைப் படிக்கவைக்கிறார். ஐ.ஏ.எஸ். தேறுகிறாள். கோபிநாத் ஊருக்கு வந்து ஜெயாவை (ஜெயந்தி) மணந்து பிள்ளைகுட்டியோடு, ஒரு கலெக்டர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருக்கிறான். அந்த ஆபீஸுக்குக் கலெக்டராக மாற்றலாகி வருகிறவள் ஜானகி.

சௌகார் ஜானகி கலெக்டராக ஆபீஸுக்குள் நடந்து வந்தபோது எங்கள் வரிசையில் ஒரு பேச்சு இல்லை. கடலை உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றுவிட்டன. திரையில் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். அது எங்களுக்குப் பழகிய காட்சி, தினமும் பார்ப்பது. எழுந்து நிற்கவேண்டியது ஒரு பெண்ணுக்காக என்பதுதான் பழகாதது. தபால் பிரிவு அக்கா மெதுவாக, "நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்குல்லா" என்றாள். அம்மா பதில் சொல்லவில்லை.

வேறு நடிகை யார் செய்திருந்தாலும் அந்தப் பாத்திரம் இரண்டில் ஒன்றாகப் போயிருக்கும். பழிவாங்க வந்த அதிகாரியாக விறைத்திருக்கும், இல்லையென்றால் பழைய காதலனைப் பார்த்ததும் உருகி வழிந்திருக்கும். சௌகார் ஜானகி அவளை ஒரு வேலைக்காரப் பெண்ணாகச் செய்தார். வேலைக்காரப் பெண் என்று நான் சொல்வது, வேலை தெரிந்த பெண் என்ற பொருளில். ஃபைலைப் பார்க்கும்போது ஃபைலைத்தான் பார்க்கிறாள். எதிரே நிற்பவன் தன் கணவன் என்பது அவளுக்குத் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. ஆபீஸில் வேறு யாருக்கும் தெரியக்கூடாது. இந்த மூன்றையும் அவர் குரலிலேயே காட்டிவிடுவார். உத்தரவு கொடுக்கும்போது குரல் ஏறுவதில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது அதே குரல் களைத்துப்போயிருக்கும். ஒரு பெண் எட்டு மணி நேரம் தன்னை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் எப்படி இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அம்மாவை நான் தினமும் சாயங்காலம் பார்த்துக்கொண்டிருந்தேனே.

அந்தப் படத்தில் முதலமைச்சர் அண்ணாவைக் கலெக்டர் சந்திக்கும் காட்சி ஒன்று உண்டு. அண்ணாவின் உருவத்தைக் காட்டமாட்டார்கள். மேசைமேல் மூக்குக்கண்ணாடி இருக்கும், அவர் குரலைப் போன்ற குரல் கேட்கும். அண்ணா மறைந்த ஆண்டில் வந்த படம் அது. ஆண்கள் பக்கத்திலிருந்து கைதட்டலும் விசும்பலும் சேர்ந்தே வந்தன. ஒரு மூக்குக்கண்ணாடியின் எதிரே நின்று பேசி நடிக்கவேண்டும். சௌகார் ஜானகி அங்கே ஒருவர் இருப்பதுபோலவே பேசினார். நாங்களும் இருப்பதாகவே நம்பினோம். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது 'இருகோடுகள்' படத்துக்குக் கிடைத்தது.

படம் முடிந்து பாலத்தைத் தாண்டி நடந்து வரும்போது அம்மா என்னிடம் கேட்டாள், "ஏட்டி, நீ கலெக்டர் ஆவியா?" நான் ஆவேன் என்றேன். ஆகவில்லை, வங்கிக்குப் போனேன். ஆனால் அந்தக் கேள்வியை ஒரு டைப்பிஸ்ட் தன் மகளிடம் கேட்க முடிந்தது அந்தப் படத்தால்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

சௌகார் ஜானகியின் சொந்தக் கதையை நான் மிகப் பின்னால்தான் அறிந்தேன். பத்திரிகைப் பேட்டிகளிலும் தொலைக்காட்சியிலும் அவரே சொல்லியிருக்கிறார். 1931 டிசம்பர் 12-இல் ராஜமகேந்திரவரத்தில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. அப்பா காகிதத் தொழிலில் இருந்தவர், ஊர் ஊராக மாற்றலாகிப் போன குடும்பம். பதின்வயதில் சென்னை வானொலியில் தெலுங்கு நாடகங்களில் பேசத் தொடங்கினார். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு வாஹினி பி.என். ரெட்டி நடிக்க வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். வீட்டில் சொன்னதும் எதிர்ப்பு. சினிமா ஆசை வந்த பெண்ணுக்கு உடனே கல்யாணம் செய்துவைத்துவிடுவது அன்றைய வழக்கம், அதுவே நடந்தது.

ஆனால் கல்யாணத்தோடு கதை முடியவில்லை. குடும்பத்தில் பணக்கஷ்டம் வந்தது. கைக்குழந்தையோடு இருந்த அந்தப் பெண், தன்னை முதலில் கேட்ட பி.என். ரெட்டியையே தேடிப்போய், இப்போது நடிக்க வாய்ப்புத் தருவீர்களா என்று கேட்டார். பி.என். ரெட்டியின் தம்பி நாகிரெட்டியும் சக்ரபாணியும் அப்போது விஜயா புரொடக்ஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி முதல் படத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். எல்.வி. பிரசாத் இயக்கம். கதாநாயகன் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்த என்.டி. ராமராவ். படம் 'ஷாவுகாரு', 1950. அந்தப் படத்தின் பெயரே தமிழில் சௌகார் என்று அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

இதை வாசித்த அன்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் சினிமாவில் ஒரு நடிகைக்குக் கல்யாணம் என்றால் கதை முடிந்தது என்று பொருள். கல்யாணச் செய்தி வந்ததும் படங்களைத் திருப்பிக் கொடுப்பதும் முன்பணத்தைத் திரும்பக் கேட்பதும் இன்றும் நடக்கிறது. பிள்ளை பெற்றவள் என்றால் அக்கா வேஷம், அண்ணி வேஷம். அப்படிப்பட்ட சினிமாவில், 1950-இல், கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்று, அதற்குப் பிறகு கதாநாயகியாக உள்ளே நுழைந்தவர் இவர். மறைக்கவும் இல்லை. கலையார்வம் என்று அலங்காரமாகச் சொல்லாமல், வீட்டுக்குப் பணம் வேண்டியிருந்தது என்று எந்தப் பேட்டியிலும் நேராகச் சொல்வார். அம்மா டைப் அடிக்கப் போனதும் அதற்குத்தான். இருவரும் வேலை தேடி வந்தவர்கள். அந்தப் பேட்டியெல்லாம் வருவதற்கு முன்பே, திரையில் பார்த்தே, அம்மா அவரிடம் அதை அடையாளம் கண்டுகொண்டிருந்தாள்.

தமிழில் முதல் படம் 1952-இல் வந்த 'வளையாபதி'. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது, பாரதிதாசன் எழுதியது. தெலுங்குப் பெண் ஒருவர் பாரதிதாசன் தமிழைப் பேசித் தமிழ்நாட்டில் கால் வைத்தார். 1954-இல் கன்னடத்தில் 'தேவகன்னிகா'. மூன்று மொழிகளிலும் சொந்தக்காரரைப்போல் புழங்கியவர்கள் அந்தத் தலைமுறையில் சிலரே. அவருடைய தங்கை கிருஷ்ணகுமாரியும் நடிக்க வந்து தெலுங்கில் பெரிய நட்சத்திரமானார்.

ஆச்சிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "எப்பமும் அழுதுக்கிட்டே கிடக்கவளை எதுக்குளா காசு குடுத்துப் பாக்கணும்?" என்பாள். ஆச்சி சொன்னதில் நியாயம் இருந்தது. 1960-களின் தொடக்கத்தில் தமிழ் சினிமா அவரை அழவைத்தது. 'படிக்காத மேதை'யில் (1960) வெள்ளந்தியான ரங்கனுக்கு வாழ்க்கைப்பட்டு, அவனோடு சேர்ந்து வீட்டை விட்டு வெளியேறும் லட்சுமி. 'பாலும் பழமும்' (1961) படத்தில், இறந்துவிட்டதாக நினைக்கும் மனைவியையே நினைத்துக்கொண்டிருக்கும் டாக்டருக்கு இரண்டாவதாக வாழ்க்கைப்படும் நளினி. 'பார் மகளே பார்' (1963) படத்தில் தாய். மூன்றிலும் சிவாஜி, மூன்றும் ஏ. பீம்சிங் படங்கள்.

இதில் நளினியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். படத்தில் எல்லாருடைய இரக்கமும் முதல் மனைவி சாந்திக்கு, அதாவது சரோஜாதேவிக்கு. பார்க்கிறவர்களும் அவள் பக்கம்தான். நளினி கோபப்படுவாள், சுடுசொல் சொல்வாள். தியேட்டரில் அவளைத் திட்டுவார்கள். தொலைக்காட்சியில் அந்தப் படத்தை மறுபடி பார்த்தபோது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. தன் கணவன் மனதில் இன்னொருத்தி குடியிருக்கிறாள் என்று தெரிந்தே அந்த வீட்டில் சமைத்துப் பரிமாறுகிறவளுடைய கோபம் எவ்வளவு நியாயமானது என்று அன்று புரிந்தது. அந்த நியாயத்தைக் கதை எழுதிக் கொடுக்கவில்லை. வசனத்தில் இல்லாததை அவர் முகத்தில் வைத்திருந்தார்.

1964-இல் 'புதிய பறவை'. சிவாஜியின் சொந்தப் படம், தாதா மிராசி இயக்கம். சிங்கப்பூர் கிளப்பில் மேடையேறிப் பாடும் சித்ரா. அழும் மனைவியாகவே அவரைப் பார்த்துப் பழகியவர்கள் நவநாகரிக உடையில், ஒரு பக்கம் சாய்ந்த பார்வையோடு நின்றவரைப் பார்த்து ஆடிப்போயிருப்பார்கள். பி. சுசீலாவின் குரலும் விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் இசையும் சேர்ந்த அந்தக் கிளப் பாட்டு இன்றும் எல்லா வீட்டிலும் கேட்கிறது. படத்தில் இரண்டு முறை வரும். ஒருமுறை மயக்கும், இன்னொரு முறை அச்சமூட்டும். இரண்டையும் செய்தது ஒரே முகம். பாதிக் கதைக்குப் பிறகு, இறந்துபோன சித்ராவே திரும்பி வந்துவிட்டதாக ஒருத்தி வீட்டுக்குள் நுழைகிறாள் அல்லவா, அங்கே அவர் காட்டும் நிதானம் இருக்கிறதே, சிவாஜி நடுங்குவது நமக்கு நியாயமாகப் படுவது அந்த நிதானத்தால்தான். அம்மாவுக்கு இந்தப் படம் பிடிக்கவில்லை. "சிகரெட்டு குடிக்கிற வேஷமெல்லாம் அவுகளுக்கு எதுக்கு" என்ற பேச்சு வீட்டில் நடந்தது. ஆச்சிக்குப் பிடித்துப்போனது. "இதுல்லா நடிப்பு!" என்றாளாம்.

ஆனால் அவருடைய முழு வீச்சும் வெளிப்பட்டது பாலசந்தரிடம்தான். இயக்குநராக பாலசந்தரின் முதல் படமான 'நீர்க்குமிழி'யில் (1965) டாக்டராக வந்தார். 'பாமா விஜயம்' (1967) படத்தில் ஒரு சினிமா நட்சத்திரம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்ததும் கடன் வாங்கிச் சோபாவும் ரேடியோவும் சேர்க்கும் மூன்று மருமகள்களில் மூத்தவர். 'எதிர்நீச்சல்' (1968) படத்தில் பட்டு மாமி.

பட்டு மாமியைப் பார்த்தபோது ஊரே அவரைப் பிராமணப் பெண் என்று அடித்துச் சொன்னது. அந்தப் பேச்சுவழக்கு அவ்வளவு சுத்தமாக வந்தது. ஸ்ரீகாந்த் கிட்டு மாமா. அடுத்த வீட்டுக்காரியின் புடவையைச் சாக்காக வைத்துக் கணவனைக் குத்திக்காட்டும் அந்தப் பாட்டில் மூக்கைச் சுளிப்பதும் முந்தானையைச் சொருகுவதும் கண்ணை உருட்டுவதுமாக அவர் செய்ததைப் பார்த்து அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா தியேட்டரில் அப்படிச் சிரித்து நான் பார்த்தது மிக அரிது. ஒண்டுக்குடித்தன வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், எல்லா வீட்டிலும் ஒரு பட்டு மாமி இருந்தாள். ஐந்து ஆண்டுகளுக்குள் டாக்டர், மருமகள், மாமி, கலெக்டர் என்று ஒரே இயக்குநரிடம் இத்தனை விதமாக நடித்தவர், அதே காலத்தில் 'உயர்ந்த மனிதன்' (1968) படத்தில் சிவாஜிக்கு ஈடாக ஒரு பணக்கார வீட்டு மனைவியாகவும் நின்றார்.

எம்.ஜி.ஆரோடும் நடித்தார். 'பணம் படைத்தவன்' (1965), பிறகு எம்.ஜி.ஆரின் நூறாவது படமான 'ஒளி விளக்கு' (1968). அதில் விதவையாக வருவார். தன்னைக் காப்பாற்றிய மனிதன் உயிருக்குப் போராடும்போது முருகனிடம் வேண்டிப் பாடுவார். வாலி எழுதி சுசீலா பாடிய பாட்டு.

1984-இல் எம்.ஜி.ஆர். உடல்நலம் குன்றிச் சென்னை அப்பல்லோவிலும் பிறகு அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையிலும் இருந்த மாதங்கள். நான் வங்கியில் சேர்ந்து மதுரையில் இருந்தேன். எந்தத் தியேட்டருக்குப் போனாலும் படம் தொடங்கும் முன்பு அந்தப் பாட்டுக் காட்சியைப் போடுவார்கள். அரங்கமே எழுந்து நிற்கும். சிலர் கற்பூரம் ஏற்றுவார்கள். என் பக்கத்தில் நின்ற பூக்கட்டும் அம்மாள் ஒருத்தி மடியை விரித்துப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நடிகை கேமராவுக்கு முன்னால் வேண்டியதை லட்சக்கணக்கான பேர் தங்கள் சொந்தப் பிரார்த்தனையாக எடுத்துக்கொண்டார்கள். திரையில் அழுதவர் பொய்யாக அழுதிருந்தால் இது நடந்திருக்காது. ஆச்சியின் குறைக்கு அன்றுதான் எனக்குப் பதில் கிடைத்தது. அப்போது ஆச்சி இல்லை.

1970-இல் அவர் 'காவியத் தலைவி'யைத் தாமே தயாரித்தார். வங்காளத்தில் சுசித்ரா சென் நடித்த 'உத்தர் பால்குனி'யின் தமிழ் வடிவம். இயக்கம் பாலசந்தர். தாய், மகள் இரண்டு வேடமும் அவருக்கே. நாற்பதை நெருங்கும் வயது. நம் சினிமாவில் அந்த வயதில் ஆண்கள் கல்லூரி மாணவனாக நடித்துக்கொண்டிருந்தார்கள், பெண்களுக்குக் கதவு மூடிவிடும். கதவு மூடும்வரை காத்திருக்காமல், தன் பணத்தைப் போட்டுத் தனக்கு வேண்டிய பாத்திரத்தைத் தானே எடுத்துக்கொண்டார். இன்று இப்படி ஒரு நடிகை செய்தால் தொடர் கட்டுரைகள் வரும். அன்று விளம்பரத்தில் தயாரிப்பாளர் பெயராக ஒரு வரி வந்தது, அவ்வளவுதான்.

'தில்லு முல்லு' (1981) எல்லாருக்கும் தெரியும். ரஜினிக்குப் போலி அம்மா. நடிக்க ஒப்புக்கொண்டு வந்த பெண்மணி, அம்மாவாக நடித்து நடித்து அந்த வேஷத்திலேயே சுகம் காண்பது. தேங்காய் சீனிவாசன் முன்னால் சாதுவாகக் கைகூப்பி நிற்கும் அந்த முகத்தையும், அடுத்த நொடி உள்ளறையில் மாறும் முகத்தையும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் தேடிப் பார்க்கிறார்கள். 'புதிய பறவை' சித்ராவும் இவரும் ஒருவர்தான் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.

என்னை வெகுகாலமாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய நடிகைகளைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் யாரைப் பேசுகிறோம்? சாவித்திரியைப் பேசுகிறோம். பேசவேண்டியவர்தான், அவர் நடிப்புக்கு ஈடில்லை. ஆனால் நாம் அதிகம் பேசுவது அவருடைய நடிப்பையா, 1981-இல் முடிந்த அந்தத் துயரமான கடைசிக் காலத்தையா? பதினேழு வயதில் தேசிய விருது பெற்று அதே வயதில் போய்விட்ட ஷோபாவை அவர் மரணத்தை வைத்தே நினைவுகூர்கிறோம். சில்க் ஸ்மிதாவையும் அப்படியே. விழுந்த பெண்களுக்காக அழுவது நமக்குச் சுலபமாக வருகிறது. விழாமல் நின்ற பெண்ணை என்ன செய்வதென்று தெரியாமல், ஆண்டுக்கு ஒருமுறை பிறந்தநாள் துணுக்கு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

கைக்குழந்தையோடு வேலை கேட்டு வந்து, மூன்று பிள்ளைகளை வளர்த்து, சிவாஜி, எம்.ஜி.ஆர்., ஜெமினி, என்.டி.ஆர்., நாகேஸ்வரராவ், ராஜ்குமார் என்று தென்னகத்தின் எல்லாப் பெரிய நடிகர்களோடும் சமமாக நின்று, சொந்தப் படம் எடுத்து, கதாநாயகியிலிருந்து அம்மாவாகவும் பாட்டியாகவும் தயக்கமின்றி மாறியவர். 2014-இல் 'வானவராயன் வல்லவராயன்', 2020-இல் 'பிஸ்கோத்', 2023-இல் தெலுங்கில் 'அன்னி மஞ்சி சகுனமுலே'. 'பிஸ்கோத்' அவருடைய 400-ஆவது படம் என்று செய்தி வந்தது. அப்போது அவர் தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார். இந்த வாழ்க்கையில் கண்ணீர்க் கதைக்கு இடமில்லை என்பதால் யாரும் இதைப் படமாக எடுக்கவில்லை. ஆனால் நம் பெண்பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய வாழ்க்கை இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அம்மா வேலையிலிருந்து ஓய்வுபெற்று என்னோடு சென்னைக்கு வந்துவிட்டாள். கடைசி வரை, தொலைக்காட்சியில் சௌகார் ஜானகி பேட்டி என்றால் சத்தத்தைக் கூட்டச் சொல்வாள். அவர் ஒரு சொல்லை விழுங்காமல், ஆண்டு, ஊர், ஆள் எல்லாம் துல்லியமாகச் சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டு, "ரெக்கார்டு ரூம் மாதிரி வச்சிருக்காக பாரு" என்று வியப்பாள். 2022 குடியரசு தினத்தை ஒட்டி அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்த செய்தியை நான் வாசித்துக் காட்டினேன். அம்மா காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, "இப்பந்தான் குடுத்தாவளா?" என்றாள்.

முதல் படத்துக்கும் அந்த விருதுக்கும் நடுவே 72 ஆண்டுகள். 'இருகோடுகள்' வந்த கையோடு கொடுத்திருக்கவேண்டிய விருது அது. அரசு தாமதித்ததை இனிச் சரிசெய்ய முடியாது. நீங்கள் ஒன்று செய்யலாம். அந்தப் படம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. வீட்டில் படித்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளை இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு முழுவதும் பாருங்கள்.